நோட்டும் கையுமாக வார்டில் நிற்பவர்கள் யார்? பொது மருத்துவப் பயிற்சியும் எலெக்டிவும்

போன மாதம் குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு அம்மா. சர்க்கரைக்காக எங்கோ ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு நாள் படுத்திருந்துவிட்டு வந்திருக்கிறார். "டாக்டரே சரியாப் பார்க்கலைங்க. காலேஜ் பசங்க நாலு பேரு வந்து, ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டுட்டுப் போனாங்க" என்று அலுத்துக்கொண்டார். முன் சீட்டுக்காரர் திரும்பி, "அவங்கல்லாம் இன்டர்னல் மெடிசின் டாக்டருங்கம்மா. என் மச்சான் பையனும் இப்ப இன்டர்ன்தான்" என்று விளக்கம் கொடுத்தார்.

அம்மா சொன்னதில் பாதி சரி. முன் சீட்டுக்காரர் சொன்னது முழுத் தப்பு. ஆனால் இருவரையும் குறை சொல்ல முடியாது. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று ஊட்டிக்கு வந்தது. ஆண்டுக்கு 150 இடம். அதுவரை மருத்துவ மாணவர் என்றாலே கோயம்புத்தூர் சமாச்சாரம். இப்போது டீக்கடையில் நம் பக்கத்தில் நின்று வர்க்கி தின்கிறார்கள். அவர்கள் வார்டில் என்ன செய்கிறார்கள் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. இந்த மலையில் பொது மருத்துவராக வேலை பார்க்கிறேன், அவ்வப்போது மாணவர்களும் என்னோடு வந்து நிற்கிறார்கள் என்ற தைரியத்தில் நான் சொல்லிப் பார்க்கிறேன்.

பொது மருத்துவம் "சாதா" மருத்துவம் இல்லை

வண்டி ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று ஒர்க் ஷாப்புக்குக் கொண்டு போகிறீர்கள். அங்கே டயருக்கு ஒருவர், எலெக்ட்ரிக்கலுக்கு ஒருவர், டிங்கரிங்குக்கு ஒருவர். ஆனால் முதலில் ஒரு பழைய மெக்கானிக் வருவார். இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுப்பார். எப்போதிலிருந்து, காலையில் மட்டுமா, லோடு ஏற்றினால் அதிகமா என்று கேட்பார். அப்புறம்தான் எதைப் பிரிப்பது என்று முடிவு செய்வார். எதையும் பிரிக்காமலே சரி செய்துவிடுவதும் உண்டு.

மருத்துவத்தில் அந்த ஆள்தான் பொது மருத்துவர், ஆஸ்பத்திரி பாஷையில் ஃபிசிஷியன். பெரியவர்களுக்கு வரும் உள்ளுறுப்பு நோய்களைக் கத்தி எடுக்காமல் கண்டுபிடித்து மருந்தால் கவனிக்கும் நிபுணர். எம்.பி.பி.எஸ். முடித்து, மேலே மூன்று வருஷம் எம்.டி. படித்தவர். சர்க்கரை, ரத்த அழுத்தம், நிமோனியா, பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தவர், காரணம் தெரியாத காய்ச்சல் எல்லாம் கடைசியில் அவர் தலையில்தான் வந்து விழும். "பொது" என்ற சொல்லைப் பார்த்து, சளிக்கு மாத்திரை எழுதும் சாதா டாக்டர் என்று நினைத்துவிடுகிறோம்.

நாம் ஜெனரல் மெடிசின் என்பதை அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் என்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மருத்துவர்கள் வைத்த பெயரிலிருந்து வந்தது அது. இன்டர்ன் என்பது முற்றிலும் வேறு. எம்.பி.பி.எஸ். நான்கரை வருஷப் படிப்பு முடித்து, பரீட்சையும் பாஸாகி, ஒரு வருஷம் எல்லாத் துறைகளிலும் மாறி மாறி வேலை பார்க்கும் பயிற்சி மருத்துவர்தான் இன்டர்ன். நம் ஆஸ்பத்திரிகளில் சி.ஆர்.ஆர்.ஐ. என்பார்கள். பழைய ஆட்கள் ஹவுஸ் சர்ஜன் என்பார்கள். (பெயரில் சர்ஜன் இருப்பதால், இந்தச் சின்னப் பையனா எனக்கு ஆபரேஷன் செய்யப் போகிறான் என்று பயந்து டிஸ்சார்ஜ் கேட்டவரை எனக்குத் தெரியும்.) அந்த ஒரு வருஷத்தில் பொது மருத்துவத்துக்குக் கிடைப்பது 6 வாரம்.

ஆக, பொது மருத்துவம் ஒரு துறையின் பெயர். இன்டர்ன் ஒரு கட்டத்தின் பெயர். பஸ் அம்மாவைச் சூழ்ந்து நின்ற நாலு பேர் இன்னும் அந்தக் கட்டத்துக்கே வராத மாணவர்கள்.

கல்லட்டி ரோட்டில் வண்டி பழகுவது

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் ரோட்டில் 36 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் லைசென்ஸ் எடுத்த கையோடு அதில் ஸ்டியரிங் பிடித்தால் என்ன ஆகும் என்று மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாரி ஓட்டப் பழகும் பையன் முதலில் கிளீனராக ஏறுகிறான். எந்த வளைவு எங்கே வரும் என்று அவனுக்குத் தெரிகிறது. கொஞ்ச நாளில், எந்த வளைவில் எந்த கியர் என்று கேட்டால் சொல்கிறான். அப்புறம் காலி வண்டியை, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஓட்டிக் காட்டுகிறான். லோடு வண்டியைத் தனியாக எடுப்பது கடைசியில்தான்.

மருத்துவப் படிப்பிலும் இதே நாலு படிதான். 2019-இல் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு ஒரு புதிய பாடத்திட்டம் வந்தது. திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் என்று பெயர். எத்தனை பக்கம் படித்தாய் என்பதோடு நிற்காமல், என்ன செய்யத் தெரியும் என்று கேட்கும் திட்டம். ஒவ்வொரு வேலைக்கும் மாணவர் எந்தப் படி வரை வர வேண்டும் என்று அதில் குறித்திருக்கிறார்கள்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், தானே செய்வார். சிறுநீரகம் கெட்டவருக்கு எப்போது டயாலிசிஸ் தேவை என்று மாணவருக்குத் தெரிந்தால் போதும், அவர் செய்ய வேண்டியதில்லை. நோயாளியிடம் பேசி நோயின் கதையை வாங்குவதும் நெஞ்சைச் சோதிப்பதும் அப்படி இல்லை. ஆசிரியர் கண் முன்னால் செய்து காட்டியே ஆக வேண்டும்.

இந்தப் பழக்கம் நடக்கும் இடம்தான் போஸ்டிங். இரண்டாம் வருஷத்திலிருந்து மாணவர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து, தினமும் சில மணி நேரம் ஒரு துறையின் வார்டில் நிற்பதை அப்படிச் சொல்வார்கள். சில வாரம் மெடிசின், சில வாரம் சர்ஜரி, பிறகு பிரசவ வார்டு என்று சுழற்சி. வார்டில் ஒரு யூனிட் என்பது ஒரு குடும்பம் மாதிரி. மேலே சீஃப், அவருக்குக் கீழே உதவிப் பேராசிரியர்கள், எம்.டி. படிக்கும் பி.ஜி.க்கள், சி.ஆர்.ஆர்.ஐ.கள். எல்லோருக்கும் கடைசியில், யார் காலையும் மிதிக்காமல் எங்கே நிற்பது என்று தெரியாமல், மாணவர்கள்.

மாணவர் மருந்துச் சீட்டு எழுத முடியாது. அவர் பெயர் மருத்துவக் கவுன்சிலில் பதிவாகவே இல்லை. இறுதித் தேர்வில் தேறிய பிறகு தற்காலிகப் பதிவு, இன்டர்ன் வருஷம் முடிந்த பிறகு நிரந்தரப் பதிவு. எனவே உங்களுக்கு ஏறுகிற ஒவ்வொரு ஊசியும் பதிவு பெற்ற ஒருவர் எழுதியது. மாணவர் உங்களைச் சோதித்துவிட்டுப் போவதால் உங்கள் வைத்தியத்தில் எதுவும் குறைவதில்லை, நேரம்தான் கொஞ்சம் போகும்.

ஒரே கேள்வியை ஏன் நாலு பேர் கேட்கிறார்கள்

இதற்குக் கேஸ் எடுப்பது என்று பெயர். நோயாளியிடம் பேசி, சோதித்து, நோயின் கதையை ஒழுங்காக எழுதுவது. அதை சீஃப் முன்னால் சொல்வது கேஸ் பிரசென்டேஷன். கேட்க எளிதாகத் தோன்றும். ஆனால் பொது மருத்துவத்தின் பாதி இதில்தான் இருக்கிறது.

ஏனென்றால் யாரும் புத்தகப் பாஷையில் நோயைச் சொல்வதில்லை. "வாயுப் பிடிப்பு" என்று வருகிறவர்களில் சிலருக்கு மாரடைப்பு. "கிறுகிறுன்னு வருது" என்றால் உலகம் சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, நடக்கும்போது கால் தள்ளாடுகிறதா? மூன்றும் மூன்று உறுப்பைக் காட்டும். "மேல் வலி", "அசதி", "சீதளம்" என்பதற்கெல்லாம் ஆளுக்கொரு அர்த்தம். படுகர் வீட்டுப் பாட்டி ஒரு விதமாகச் சொல்வார், சிலோனிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளி வேறு விதமாகச் சொல்வார். மதுரையிலிருந்து வந்த மாணவருக்கு இரண்டும் புதிது.

கதை கேட்கக் கேட்க மாணவர் மனசில் ஒரு பட்டியல் உருவாக வேண்டும். இது எதுவாக இருக்கலாம், எதை உடனே விலக்க வேண்டும் என்ற பட்டியல். வார்டில் இதை டிஃபரென்ஷியல் என்பார்கள், அவசரத்தில் டி.டி. தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு எட்டு நாள் காய்ச்சல் என்றால் டைஃபாய்டு, எலிக்காய்ச்சல், நிமோனியா, சிறுநீர்த் தொற்று, காசநோய் எல்லாம் பட்டியலில் வரும். "இந்த ரெண்டு வாரத்துல கீழே எங்கயாவது போனீங்களா?" என்று கேட்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் கல்யாணத்துக்குப் போய்வந்திருந்தால் டெங்குவுக்கும் பட்டியலில் இடம் உண்டு. ஒவ்வொரு பதிலும் ஒரு பெயரை மேலே ஏற்றும், ஒன்றைக் கீழே இறக்கும். ரத்தப் பரிசோதனை அதற்கு அப்புறம்தான். பட்டியலே இல்லாமல் பத்து டெஸ்ட் எழுதுவது, ஒவ்வொரு நட்டாகக் கழற்றிப் பார்க்கும் மெக்கானிக் வேலை.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் அவ்வளவு பெருமைக்குரியது இல்லை. மூன்றாம் வருஷம், ஜனவரி மாசம். இதே மாதிரி காய்ச்சலோடு ஐம்பது வயசுத் தோட்டத் தொழிலாளி ஒருவர். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து அருமையாகக் கதை வாங்கினேன். ஸ்டெதஸ்கோப்பை ஸ்வெட்டருக்கு அடியில் நுழைத்து, கேட்டும் கேட்காமலும் நெஞ்சு நார்மல் என்று எழுதினேன். ரவுண்ட்ஸில் ஆறு பெயர் கொண்ட டி.டி.யை மூச்சுவிடாமல் சொன்னேன். சீஃப் கேட்டார்: "முழுசாப் பார்த்தியாப்பா?" பார்த்தேன் சார் என்றேன். அப்போது பின்னால் நின்ற சிஸ்டர் மெதுவாக, "சார், இடது மார்புக்குக் கீழே ஒரு கறுப்புப் பொருக்கு இருக்குங்க. காலையில உடம்பு துடைக்கும்போது பார்த்தேன்" என்றார்.

அது உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ். புதர்களிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சிக் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு விழும். எல்லோருக்கும் இருக்காது. இருந்தாலும் வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளி சொல்லவே மாட்டார். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடி போன்ற மறைவிடங்களில்தான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். கண்டுபிடித்துவிட்டால் டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரைக்கு இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகலாம்.

எனக்குக் கூச்சம், அவருக்குக் குளிர். சிஸ்டரைத் துணைக்குக் கூப்பிட்டு, திரை போட்டு, ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டாம் படியில் நின்றுகொண்டு மூன்றாம் படியில் நிற்பதாக நினைத்திருந்தேன். சீஃப் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

பார்ப்பது, தொடுவது, தட்டுவது, கேட்பது: சோதனையின் வரிசை இது. நெஞ்சின் மேல் ஒரு விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பர்லியாரில் பலாப்பழத்தைத் தட்டி வாங்குகிறோமே, அதே கணக்கு. காற்று இருக்கும் இடம் ஒரு சத்தம், நீர் கட்டிய இடம் இன்னொரு சத்தம். ஆஸ்திரிய மருத்துவர் ஆவன்ப்ருகர் 1761-இல் இந்த முறையை எழுதி வெளியிட்டார். அவர் சத்திரக்காரர் மகன், பீப்பாயில் எவ்வளவு ஒயின் மிச்சம் என்று தட்டிப் பார்ப்பதைக் கண்டு வளர்ந்தவர் என்பார்கள். ஆனால் நூறு நெஞ்சைத் தட்டினால்தான் விரலுக்கு வித்தியாசம் பிடிபடும். நாலு மாணவர்கள் வரிசையில் நிற்பது இதற்காகத்தான்.

சுருக்கமாக: போஸ்டிங்கில் கற்பது நோய்களின் பெயரை அல்ல, ஒரு புகாரிலிருந்து பட்டியலுக்கும், பட்டியலிலிருந்து ஒற்றைப் பெயருக்கும் போகும் வழியை. அந்த வழி நோயாளியின் உடம்பு வழியாகத்தான் போகிறது.

எலெக்டிவ்: தானே கேட்டுப் போகும் இடம்

மேஸ்திரி காட்டுகிற நிரையில் கொழுந்து எடுப்பது போஸ்டிங் என்றால், "இந்த இலை ஃபேக்டரியில் என்ன ஆகிறது, வாட்டுகிற மாடியில் ரெண்டு வாரம் நிற்கிறேன்" என்று தானாகக் கேட்டுப் போவது எலெக்டிவ். மாணவர் தன் விருப்பப்படி ஒரு துறையையோ இடத்தையோ தேர்ந்தெடுத்துப் பயிலும் குறுகிய காலம்.

இந்திய எம்.பி.பி.எஸ். படிப்பில் இது 2019 பாடத்திட்டத்தோடு வந்தது. மூன்றாம் ஆண்டுத் தேர்வுக்கும் கடைசி வருஷத்துக்கும் நடுவில் வைத்தார்கள். முதலில் இரண்டு மாதம்; 2023 விதிகளில் ஒரு மாதமாகச் சுருங்கிவிட்டது. அதில் பாதி ஆய்வகம் அல்லது ஆராய்ச்சி, மறு பாதி நோயாளிகள் உள்ள இடம். அது தீவிர சிகிச்சைப் பிரிவாகவோ ரத்த வங்கியாகவோ கிராமத்து கிளினிக்காகவோ இருக்கலாம். கண்ட இடத்துக்குப் போய்விட முடியாது, கல்லூரி தயாரித்த பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். 75 சதவீத வருகை வேண்டும், லாக் புக் எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் இறுதித் தேர்வுக்கு உட்கார முடியாது. "எலெக்டிவ்னா லீவுதானே" என்று பிள்ளைகளை ஊருக்குக் கூப்பிடும் பெற்றோர் இதைக் கவனிக்கவும்.

இரண்டு மாதத்தைப் பாதியாக்கியது எனக்கு வருத்தம்தான். நோயாளிகளோடு கிடைக்கும் பதினைந்து நாளில் முதல் வாரம் குளிருக்குப் பழகவே போய்விடுகிறது.

இந்த மலையில் ஏன் எலெக்டிவ் எடுக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது ஆக்சிஜன் மீட்டரை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கடலோரத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் இங்கே ஏறக்குறைய முக்கால் பங்குதான். விரலில் மாட்டும் மீட்டரில் சென்னையில் 98 காட்டுகிறவருக்கு இங்கே 95 காட்டலாம். சமவெளியிலிருந்து வந்த ஒரு மாணவி நன்றாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த தாத்தாவுக்கு 94 என்று பார்த்துவிட்டு ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். தாத்தா அவரை விட அதிகமாகப் பயந்துவிட்டார். எண்ணை ஆளோடும் இடத்தோடும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படிக்கலாம், ஆனால் சிலிண்டரை உருட்டினால் மறக்காது.

அடுத்தது கூடலூர்ப் பக்கம். சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்தக் கோளாறில், உருண்டையாக இருக்க வேண்டிய சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்து சின்னக் குழாய்களை அடைத்துக்கொள்ளும், எலும்பு உடைவது போல வலி வரும். இந்தியாவில் இது இருப்பது முதன்முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடிகளிடம்தான், 1952-இல். லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். குளிர் பட்டாலோ உடம்பில் நீர் குறைந்தாலோ வலி கிளம்பும். பெருநகர ஆஸ்பத்திரியில் ஐந்து வருஷத்தில் ஒன்றிரண்டு பேரைப் பார்க்கும் மாணவர், பணியர் குடியிருப்புகள் இருக்கும் பகுதியில் நின்றால் அந்த நோயோடு வாழும் குடும்பங்களையே பார்க்கலாம். கூடலூரில் 1990 வாக்கில் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களே நர்ஸ்களாகப் பயிற்சி பெற்று வேலை பார்க்கிறார்கள். நோயாளியின் மொழியை மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை.

கேத்திப் பள்ளத்தாக்கு கேரட் தோட்டங்களில் பூச்சிமருந்து அடித்துவிட்டு, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, வாயில் எச்சில் வழிய வருகிறவர்கள் உண்டு. விறகடுப்புப் புகையில் முப்பது வருஷம் சமைத்து, பீடியே தொடாமல் நுரையீரல் கெட்ட பாட்டிகளும் உண்டு.

ஆனால் மலை கற்றுத்தரும் பெரிய பாடம் நோய்களில் இல்லை. அனுப்புவதா, வைத்துக்கொள்வதா? ஊட்டியிலிருந்து கோயம்புத்தூர் எண்பத்தைந்து கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட. மழையில் குன்னூர் ரோட்டில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும். இரவு பதினொரு மணி, பனிமூட்டம், நெஞ்சு வலியோடு ஒருவர். ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரியில் கற்பவருக்கு அடுத்து என்ன டெஸ்ட் என்பதுதான் கேள்வி. இங்கே, இந்த ஆள் இரண்டரை மணி நேர வளைவுகளைத் தாங்குவாரா, ஏற்றும் முன் என்ன கொடுத்து அனுப்ப வேண்டும் என்பது கேள்வி. அந்த முடிவை மாணவர் எடுக்கப் போவதில்லை. எடுப்பவர் பக்கத்தில் நின்று, அவர் எதையெல்லாம் எடை போட்டார் என்று பார்க்கலாம்.

அமெரிக்கா போகிறேன் என்று சொல்லும் எலெக்டிவ்

இதே சொல் இன்னொரு அர்த்தத்தில் புழங்குகிறது. அமெரிக்காவில் எம்.டி. என்பது நம் எம்.பி.பி.எஸ். மாதிரி அடிப்படைப் படிப்பு. அதன் மூன்றாம் வருஷம் இன்டர்னல் மெடிசின் கட்டாயச் சுற்று, கடைசி வருஷம் விருப்பச் சுற்றுகள். வெளிநாட்டு மாணவர்களும் சில கல்லூரிகளில் விண்ணப்பித்து அந்த விருப்பச் சுற்றில் சேரலாம். அங்கே மேற்படிப்புக்கு முயல்கிறவர்களுக்கு இது பயன்படும், சிபாரிசுக் கடிதம் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியது ஒன்று. எலெக்டிவ் படிக்கும்போது மட்டும்தான். அதில் மேற்பார்வையோடு நோயாளியிடம் பேசலாம், சோதிக்கலாம். பட்டம் வாங்கிய பிறகு போனால் பெரும்பாலும் கிடைப்பது அப்ஸர்வர்ஷிப், அதாவது கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது மட்டும். கல்லட்டி பாஷையில் சொன்னால் திரும்பவும் கிளீனர் சீட்டு. இரண்டுக்கும் ஒரே பெயர் சொல்லிப் பணம் கேட்கும் ஏஜென்ட் வந்தால், "என் பொண்ணு நோயாளியைத் தொடலாமா, கூடாதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

நோயாளியாக நீங்கள்

மாணவர் சோதிக்க வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. முடியாமல் படுத்திருக்கும்போது "அப்புறம் வாங்க தம்பி" என்றால் போதும், வைத்தியத்தில் எந்த மாற்றமும் வராது. பெண் நோயாளியை ஆண் மாணவர் சோதிக்கும்போது சிஸ்டர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம்.

இதையெல்லாம் அந்த அம்மாவிடம் பஸ்ஸில் இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. நாலு பேர் கேட்டதில் ஏதாவது புதுசாகக் கேட்டார்களா என்று மட்டும் விசாரித்தேன். கொஞ்சம் யோசித்தார். "ஒரு பொண்ணு மட்டும் என் செருப்பைக் கழட்டச் சொல்லி பாதத்துல ஏதோ நரம்பு மாதிரி ஒண்ணை வெச்சுக் குத்துச்சு. தெரியுதான்னு கேட்டுச்சு. ரெண்டு இடத்துல எனக்குத் தெரியலைங்க. அது போய்ச் சொல்லித்தான் பெரிய டாக்டர் மறுபடி வந்து காலைப் பார்த்தாரு."

சர்க்கரையில் காலின் உணர்ச்சி போவதைப் பார்க்கும் சோதனை அது. முள் குத்தினாலும் தெரியாத கால் புண்ணாகித்தான் பலருக்கு விரலை எடுக்க வேண்டி வருகிறது.

கட்டபெட்டில் இறங்கும்போது திரும்பிக் கேட்டார்: "அடுத்த வாரம் ஓ.பி.க்குப் போகணும். அந்தப் பொண்ணு இருந்தா அதுகிட்டயே காட்டலாமுங்களா?"

"காட்டுங்கம்மா. பழைய சீட்டையும் மாத்திரை அட்டையையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க."